உறைமோரும் பாலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறக்கட்டளையினரே கொடுத்துவிட்டார்கள்: 'நிறுவனங்களும் புற அறிவும்'. வெளியிலிருந்து வரும் அறிவை ஒரு நிறுவனம் எப்படித் தனதாக்கிக்கொள்கிறது என்பது விஷயம். மேலாண்மைப் பாடநூல்களில் இதற்குக் கட்டமும் அம்புக்குறியும் போட்ட படங்கள் நிறைய உண்டு. அந்தப் படங்களைப் பல வருடம் கரும்பலகையில் வரைந்து, மாணவர்களைத் தூங்கவைத்த பாவம் எனக்கு உண்டு. இன்று ஒன்றும் வரையப் போவதில்லை. என் அம்மாவின் அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன்.

வீட்டில் உறைமோர் தீர்ந்துபோனால் அம்மா ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார். அந்த வீட்டு அக்கா ஒரு கரண்டி மோர் ஊற்றித் தருவார். அதற்கு விலை கிடையாது. ஆனால் அந்தக் கரண்டி மோர் தயிராக வேண்டுமானால் எங்கள் வீட்டில் பால் இருந்தாக வேண்டும். பாலைக் காய்ச்சி ஆறவைத்திருக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. கொதிக்கிற பாலில் ஊற்றினால் கெட்டுப்போகும். ஆறிக் குளிர்ந்த பாலில் ஊற்றினால் விடிந்த பிறகும் பாலாகவே கிடக்கும். இரவல் வாங்கியது ஒரு கரண்டிதான், மற்றதெல்லாம் எங்கள் வீட்டுச் சரக்கு. மறுநாள் அந்த அக்கா வீட்டில் உறைமோர் இல்லையென்றால் எங்கள் வீட்டிலிருந்து போகும்.

நம் நிறுவனங்கள் பலவும் அந்த ஒரு கரண்டி மோருக்கு விலை பேசுவதிலேயே களைத்துப்போகின்றன. ஒப்பந்தம், கையெழுத்து, கைகுலுக்கும் படம் எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டில் பால் இல்லை என்பது தெரியவருகிறது.

இதை முறையாகச் சொன்னவர்கள் இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், வெஸ்லி கோஹன், டேனியல் லெவின்தால். 1989-லும் 1990-லும் அவர்கள் எழுதிய இரண்டு கட்டுரைகள் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய புதிர். ஒரு கம்பெனி தன் பணத்தைக் கொட்டி ஆராய்ச்சி செய்கிறது. கண்டுபிடித்தது எப்படியும் வெளியே கசியும், போட்டிக் கம்பெனிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளும். அப்படியிருக்க, ஏன் ஒரு கம்பெனி ஆராய்ச்சிக்குச் செலவழிக்க வேண்டும்? மற்றவன் செய்யட்டும் என்று காத்திருக்கலாமே? அவர்கள் தந்த விடை: அப்படிக் காத்திருப்பவனுக்கு, கசிவது காதில் விழுந்தாலும் புரியாது. சொந்த ஆராய்ச்சி புதியதைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமல்ல, பிறர் கண்டுபிடித்ததைக் கேட்கிற காதை உண்டாக்கிக்கொள்வதற்கும்தான். இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'உள்வாங்கு திறன்' எனலாம். அதற்குப் பிறகு இந்தத் துறையில் வந்த கட்டுரைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றைப் படிக்காமல் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்பது என் சொந்தக் கருத்து.

இனி ஓர் ஊருக்குப் போவோம். பாரிஸுக்கு வடமேற்கே சேன் ஆற்றங்கரையில் வெர்னோன் என்று ஒரு சிற்றூர். ஓவியர் கிளாடு மோனே தம் அல்லிக்குளத்தை வரைந்த ஜிவெர்னி அங்கிருந்து கூப்பிடு தூரம். சுற்றுலாப் பயணிகள் வெர்னோன் ரயில் நிலையத்தில் இறங்கி, நேரே அல்லிக்குளம் பார்க்கப் போய்விடுவார்கள். ஊரை ஒட்டிய காட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. இந்திய ராக்கெட்டின் கதையில் பாதி அந்தக் காட்டில் நடந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் ராக்கெட் நிபுணர்களை வெற்றிபெற்ற நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. வி-2 ராக்கெட்டைச் செய்த பேனெமுண்டேயிலிருந்து ஃபான் பிரவுனும் அவருடைய குழுவில் முக்கியமானவர்களும் அமெரிக்கா போனார்கள். சிலர் ரஷ்யாவுக்கு. சிலர் பிரான்சுக்கு. 1946-இல் பிரெஞ்சு ராணுவம் வெர்னோனில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கி, அவர்களைக் குடியமர்த்தியது. அப்படி வந்தவர்களில் ஒருவர் கார்ல்-ஹைன்ஸ் ப்ரிங்கர். ராக்கெட் எஞ்சினின் பம்புகளைச் சுழற்றத் தேவையான வாயுவை உண்டாக்கும் கருவியில் அவர் கெட்டிக்காரர். நேற்றுவரை எதிரியாக இருந்தவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ள பிரெஞ்சு இளைஞர்களுக்கு மனம் எப்படி இடம் கொடுத்ததோ, அது தனிக்கதை. ஆனால் கற்றுக்கொண்டார்கள். அந்த ஊரில் பிறந்த ராக்கெட்டுகளுக்கும் எஞ்சின்களுக்கும் 'வி' என்ற எழுத்தில் பெயர் வைப்பது வழக்கமானது: வெரோனிக், வெஸ்டா, வெக்ஸின், வலுவா. கடைசியில் வைக்கிங். ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டைத் தூக்கிய எஞ்சின் அது.

1974-இல் அந்த வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பத்தைத் தர எஸ்.இ.பி. என்ற பிரெஞ்சு நிறுவனம் நம் இஸ்ரோவோடு ஒப்பந்தம் போட்டது. இந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் விலை. ரொக்கம் இல்லை. இந்தியப் பொறியாளர்கள் எஸ்.இ.பி.க்காக நூறு மனித ஆண்டு உழைத்துத் தர வேண்டும், அதுதான் விலை. ஒரு பொறியாளர் ஒரு வருடம் வேலை செய்தால் ஒரு மனித ஆண்டு. ஐம்பது பேர் இரண்டு வருடம் என்றும் கணக்குப் போடலாம், இருபது பேர் ஐந்து வருடம் என்றும் போடலாம். கையில் அந்நியச் செலாவணி இல்லாத ஒரு நாடு, ஆளைக் கொடுத்து அறிவை வாங்கியது.

அன்று இதை ஏழையின் ஏற்பாடு என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். இன்று பார்க்கிறபோது, பணம் இருந்திருந்தால் கெட்டுப்போயிருப்போம் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் கொடுத்திருந்தால் பெட்டி பெட்டியாக வரைபடங்கள் வந்திறங்கியிருக்கும். அவற்றை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருப்போம். பழைய குருகுலத்தில் மாணவன் விறகு பிளந்து, மாடு மேய்த்து, அதற்கு ஈடாகப் பாடம் கேட்டான் என்பார்கள். விறகு வேறு, பாடம் வேறு. வெர்னோனில் நம்மவர்கள் பிளந்த விறகே பாடமாக இருந்தது.

இன்னொரு சங்கதி, அவர்கள் போன காலம். ஏரியான் திட்டத்துக்கு ஐரோப்பிய நாடுகள் ஒப்புதல் தந்ததே 1973-இல்தான். அது முதன்முறை பறந்தது 1979 டிசம்பர் 24. நம்மவர்கள் ஒப்பந்தப்படி வேலைக்குப் போன நேரத்தில் வைக்கிங் முடிந்த பொருளாக இல்லை, பட்டறையில் கிடந்த பொருளாக இருந்தது. முடிந்த பொருளின் வரைபடம் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் மாதிரி. விடை மட்டும் இருக்கும். அடித்துத் திருத்திய வரிகள், கிழித்துப்போட்ட தாள்கள், 'இது ஏன் சரிவரவில்லை' என்று விழித்துக்கொண்டிருந்த ராத்திரிகள் அதில் இருக்காது.

சின்ன உதாரணம் ஒன்று. இந்த எஞ்சினில் பம்புகளைச் சுழற்றுவதற்காக, எரிபொருளில் கொஞ்சத்தைத் தனியாக ஓர் அறையில் எரித்துச் சூடான வாயுவை உண்டாக்குகிறார்கள். அந்த வாயு அப்படியே போய் டர்பைனில் மோதினால் டர்பைன் தாங்காது. எனவே அதில் தண்ணீரைத் தெளித்துச் சூட்டைத் தணிக்கிறார்கள். விண்வெளிக்குப் போகிற வாகனம் தனியாக ஒரு தொட்டித் தண்ணீரையும் சுமந்துகொண்டு போகிறது. எவ்வளவு தண்ணீர் என்பது வரைபடத்தில் ஓர் எண். அந்த எண் எப்படி வந்தது, கூடினால் என்ன ஆகும், குறைந்தால் எது முதலில் கெடும் என்பதெல்லாம் அந்த எண்ணைத் தேடி அலைந்தவர்களின் தலையில் இருக்கிறது. எண்ணை வாங்கலாம். தலையை வாங்க முடியாது, பக்கத்தில் போய் உட்காரத்தான் முடியும்.

கொடுக்கிறவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். 1980 மே 23 அன்று ஏரியானின் இரண்டாவது பயணம் தோல்வி. நான்கு வைக்கிங் எஞ்சின்களில் ஒன்றில் எரிதல் நிலைகுலைந்துவிட்டது. பிறகு எரிபொருளைப் பீய்ச்சும் துளைகளை மாற்றினார்கள். எரிபொருளையே யு.எச். 25 என்ற கலவையாக மாற்றினார்கள். இந்தியாவும் பின்னாளில் அந்தக் கலவைக்கு வந்தது. வரைபடம் மட்டும் வாங்கியிருந்தால், அது பழைய எஞ்சினின் வரைபடமாக நம் அலமாரியில் தூங்கியிருக்கும்.

சரி, பால்? அது இங்கே இருந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பா ஏவுதளத்திலிருந்து முதலில் ஏவியது அமெரிக்க ராக்கெட். அதன்பின் பிரான்சின் சென்டார் ராக்கெட்டை உரிமம் பெற்று இங்கேயே செய்தார்கள். விரலளவு ரோகிணி ராக்கெட்டுகளைச் சொந்தமாகச் செய்து விட்டார்கள். அவற்றால் பெரிய பயன் என்ன என்று அன்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் வெர்னோனுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை, கேள்விகளோடு போனார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இதில் பாதி.

திரும்பி வந்தவர்களுக்கு உடனே செய்ய ஒரு வேலையும் இருந்தது. அதே எஞ்சினை இங்கே செய்ய வேண்டும். இது சாதாரண விஷயம் போலத் தோன்றும். வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்த அதிகாரியை மறுமாதமே சம்பந்தமில்லாத துறைக்கு மாற்றுகிற நாட்டில் இது சாதாரணமல்ல. 1985-இல் இந்தியாவில் செய்த முதல் எஞ்சினை வெர்னோனுக்கே கொண்டுபோய் எரித்துச் சோதித்தார்கள். இங்கே அவ்வளவு பெரிய சோதனை மேடை அப்போது இல்லை. அந்த எஞ்சினுக்கு விகாஸ் என்று பெயர். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்பி நாராயணன். திரவ எரிபொருள் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் முன்னின்றவர் முத்துநாயகம். பிறகு நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் மலையடிவாரத்தில் சோதனை மேடை எழுந்தது. பேனெமுண்டே கடற்கரையில் தொடங்கிய ஒரு கைவித்தை, நார்மண்டிக் காடு வழியாகப் பணகுடிப் பக்கம் வந்து சேர்ந்தது. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ். 2023 ஜூலையில் சந்திரயான்-3-ஐ ஏற்றிச்சென்ற வாகனத்தில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் இருந்தன. அதன் பாகங்களைச் செய்கிற நிறுவனங்களில் ஒன்று கோத்ரெஜ். ஆமாம், உங்கள் வீட்டில் பீரோவாக நிற்கிற அதே பெயர்தான்.

பீரோ என்றதும் எனக்கு வேறொரு பீரோ ஞாபகம் வருகிறது.

கல்லூரிக்கு வருமுன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். நான் இருந்தபோது மோட்டார் ஷாஃப்ட் தேய்ப்பதற்காக ஐரோப்பாவிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் இறக்கினார்கள். ஆயுத பூஜைக்குப் போடுகிற அளவுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்தோம். மெஷினை நிறுவிக்கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்து மூன்று வாரம் இருந்தார். பகலெல்லாம் அவருக்குப் பக்கத்தில் ஸ்பேனரும் கழிவுப்பஞ்சுமாக நின்றது எங்கள் ஃபிட்டர், ஐம்பது வயதுக்காரர், எல்லாருக்கும் அண்ணன். சாயங்காலம் வெள்ளைக்காரரை முதலாளி கிளப்புக்கு அழைத்துப்போவார், நாங்கள் இன்ஜினியர்கள் கூடப் போவோம். மெஷினோடு வந்த மூன்று தடித்த புத்தகங்களை மேனேஜர் தம் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில்.

வெள்ளைக்காரர் விமானம் ஏறிய மறுவாரம் சிக்கல் தொடங்கியது. காலை ஷிஃப்டின் முதல் ஷாஃப்டுகள் எல்லாம் அளவு தவறின. பதினோரு மணிக்கு மேல் மெஷின் சொன்னபடி கேட்டது. மறுநாள் காலை மறுபடி அதே கதை. கூட்டம் போட்டோம். பீரோவைத் திறந்தோம். கல்லை மாற்றினோம். மின்சாரத்தின் மேல் பழி போட்டோம், கடைசியில் ஆபரேட்டரின் மேல் போட்டோம். மெஷின் கம்பெனிக்கு இரண்டு டெலக்ஸ் அனுப்பினோம். பதில் வருவதற்குள் ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் டீ நேரத்தில் நான் சும்மா அண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, அந்த வெள்ளைக்காரரு காலைல வந்ததும் என்னங் பண்ணுவாரு? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கிளப்பிலிருந்து திரும்ப நேரமாகிவிடுவதால் நாங்கள் யாரும் ஒன்பதரைக்கு முன் வந்ததில்லை.

"வந்ததும் மெஷின வெறுமனே ஓட விட்டுட்டுப் போயி டீ குடிப்பாருங். அரை மணி கழிச்சு வந்து இங்கெ உள்ளங்கைய வெச்சுப் பாப்பாரு. சூடு ஏறியிருந்தாத்தானுங் வேலையே தொடங்குவாரு. புக்க எங்கீங் தொறந்தாரு அவரு?"

கல் சுழலும் அந்த உருளையின் உறையைத் தொட்டுக் காட்டினார். இரும்பு சூடானால் விரியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். மைக்ரான் கணக்கில் தேய்க்கிற மெஷினில் அந்த விரிவு நின்று நிலைப்பட்ட பிறகுதான் அளவு நிற்கும். அண்ணன் தம் லாக்கர் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தார்: எந்தச் சத்தம் வந்தால் எதை முடுக்க வேண்டும், கல்லைச் சீர்செய்ய வைரமுனையை எவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும், மழைக்காலத்தில் எத்தனை நிமிடம் வெறுமனே ஓட்ட வேண்டும். மூன்று வாரப் படிப்பு முழுவதும் ஒரு தகரக் கதவில் இருந்தது.

"ஏனண்ணே முன்னாடியே சொல்லலே?"

"என்னையெ யாருங் கூட்டத்துக்குக் கூப்புட்டாங்க?"

பிற்பாடு தாமஸ் ஆலன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியரின் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். ஆய்வுக்கூடங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வருடக்கணக்கில் எண்ணிப் பார்த்தவர் ஆலன். வெளியறிவு ஒரு நிறுவனத்துக்குள் பரவலாக வருவதில்லை, ஒரு சிலர் வழியாகத்தான் வருகிறது என்று கண்டார். அவர்களை அவர் வாயில்காப்போர் என்றார். வெளியே கண்ணும் காதும் வைத்திருப்பார்கள், உள்ளே எல்லாரும் சந்தேகம் கேட்பதும் அவர்களிடம்தான். பெரும்பாலும் அமைப்புப் படத்தின் உச்சியில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆலன் இன்னொன்றும் அளந்தார்: இரண்டு பேரின் இருக்கைகளுக்கு நடுவே ஐம்பது மீட்டர் தூரம் வந்துவிட்டால் அவர்களுக்குள் வேலைப் பேச்சு ஏறத்தாழ அற்றுப்போகிறது. எங்கள் கம்பெனியில் கூட்ட அறைக்கும் அண்ணன் நின்ற இடத்துக்கும் ஐம்பது மீட்டர் இருக்காது. வேறு தூரம் இருந்தது. அதை அளக்க மீட்டர் போதாது. சாதியையும் சட்டையின் வெள்ளையையும் பேசாமல் தமிழ்நாட்டில் அறிவு மேலாண்மை பேசுவது வீண் வேலை.

மறுபடி ராக்கெட்டுக்கு ஒரு நிமிடம். விகாஸுக்கு அடுத்த படி கிரையோஜெனிக் எஞ்சின். மைனஸ் 253 டிகிரியில் இருக்கிற திரவ ஹைட்ரஜனை எரிப்பது. 1991-இல் சோவியத்தின் கிளவ்காஸ்மாஸோடு ஒப்பந்தம், தொழில்நுட்பத்தோடு. அடுத்த வருடம் அமெரிக்கத் தடை. 1993-இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைக் கொடுக்காமல், செய்து முடித்த கட்டங்களை மட்டும் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஏழு கட்டங்கள் வந்தன. 2001 ஏப்ரலில் அவற்றில் ஒன்றோடு ஜி.எஸ்.எல்.வி. பறந்தது. சொந்த கிரையோஜெனிக் கட்டத்தோடு பறந்த முதல் முயற்சி 2010 ஏப்ரல் 15-இல் தோற்றது. வெற்றி 2014 ஜனவரி 5-இல்தான். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் இருபத்து மூன்று வருடம். இதற்கு நடுவே, 1994-இல், வெர்னோனிலிருந்து அறிவைச் சுமந்து வந்த நம்பி நாராயணனையே ரகசியத்தை விற்றதாகப் பொய்வழக்கில் கைது செய்தார்கள். அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-இல்.

வாங்கிய ஏழு கட்டங்களும் வீண் என்று சொல்லமாட்டேன். அவ்வளவு குளிர்ந்த எரிபொருளை ஏற்றுவது, இறக்குவது, ராக்கெட்டோடு இணைப்பது எல்லாம் அவற்றின் மேல் கை வைத்துக் கற்றதுதான். ஆனால் செய்த பொருளைக் கையாளத் தெரிவதற்கும் செய்யத் தெரிவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அந்த வருடங்கள் காட்டுகின்றன. அந்தத் தூரத்தை நடந்து முடித்தவர்கள் 2017-இல் பறக்கவிட்ட சி.இ.20 எஞ்சினுக்கு ரஷ்ய முறையைப் பின்பற்றவில்லை. விகாஸில் பழகிய, தனியறையில் வாயு உண்டாக்கும் எளிய முறைக்கே போனார்கள். எதை விடலாம் என்று தெரிந்துவிட்டால் கற்றது ஜீரணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜீரணத்திலும் ஒரு வியாதி உண்டு. அதற்குப் பெரம்பூர் போக வேண்டும்.

ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சூரிச் அருகே ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த சுவிஸ் நிறுவனத்தோடு 1949-இல் ஒப்பந்தம் போட்டு, 1955 அக்டோபர் 2-இல் நேரு தொடங்கிவைத்த தொழிற்சாலை. அதுவரை மரக்கூடு வைத்த பெட்டிகளே அதிகம் ஓடின. விபத்து நேர்ந்தால் அவை தீப்பெட்டி போல நொறுங்கும். சுவிஸ் வடிவமைப்பில் அடிச்சட்டமும் கூடும் ஒரே உடலாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்கும், எல்லாம் எஃகு. வெல்டிங் தெரிந்த ஆட்களைக் கூட்டிவந்து, வளாகத்துக்குள்ளேயே பயிற்சிப் பள்ளி வைத்து, கற்றுக்கொடுத்தார்கள். சுவிஸ் நிபுணர்கள் போன பிறகும் பெட்டிகள் வந்தன. உள்ளலங்காரப் பிரிவு 1962-இல் வந்தது. ஐம்பதுகளில் அறிவை உள்வாங்கியதற்கு இந்தியாவில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியின் கடைசிப் படி எப்போது வெளியே வந்தது தெரியுமா? 2018 ஜனவரியில். நடுவே எவ்வளவோ திருத்தங்கள் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடிப்படை உடல் அதேதான். உலகம் மாறிக்கொண்டே இருந்தது. தடம்புரண்டால் ஒரு பெட்டி மேல் இன்னொன்று ஏறாமல் பிடித்துக்கொள்ளும் இணைப்புள்ள ஜெர்மன் எல்.எச்.பி. பெட்டிக்கு ஒப்பந்தம் போட்டது 1995-இல். அந்தத் தொழில்நுட்பம் போய்ச் சேர்ந்ததும் கபுர்தலா தொழிற்சாலைக்கு. பெரம்பூர்ப் பெட்டிகளோ அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தன. இதற்குப் பணம், தேவையின் அளவு, ரயில்வே வாரியத்தின் முடிவுகள் என்று பல காரணங்கள் உண்டு. அத்தனைக்கும் அடியில் ஒன்று இருந்ததாக நான் நினைக்கிறேன். இரவல் வாங்கியதை அவ்வளவு நன்றாகச் சொந்தமாக்கிக்கொண்டார்கள், இனி இரவல் வாங்க வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது. ரால்ஃப் காட்ஸும் முன்பு சொன்ன ஆலனும் 1982-இல் ஐம்பது ஆய்வுக் குழுக்களை அலசிக் கண்டதும் இதுதான்: ஒரே ஆட்கள் ஐந்து வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்தால் வெளியாரோடு பேச்சு குறைகிறது, வேலையின் தரமும் இறங்குகிறது. வருவோர் போவோர் இல்லாத வீட்டில் பேச்சும் பழசாகிவிடும்.

பெரம்பூரைக் குறைசொல்லிவிட்டு ஓடிவிட முடியாது. அதே பெரம்பூரில் 2018-இல், ஏறத்தாழ பதினெட்டு மாதத்தில், எஞ்சின் தனியாக இல்லாத அதிவேக ரயிலைச் செய்துகாட்டினார்கள். 'டிரெயின் 18' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதுவே வந்தே பாரத் ஆனது. அப்போது பொது மேலாளராக இருந்தவர் சுதான்ஷு மணி. அங்கே திறமைக்குப் பஞ்சமில்லை, அனுமதிக்குத்தான் பஞ்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. பால் அங்கே காய்ந்துதான் இருந்தது.

அமெரிக்காவிலிருந்தும் ஒன்று, சுருக்கமாக. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை மூடியது. வேலைக்கு வராதவர்களும் சண்டைகளும் மலிந்த ஆலை என்று பெயரெடுத்தது அது. 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக அதே ஆலையைத் திறந்து, பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே மறுபடி எடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் கார்களின் தரம் ஜப்பானுக்கு அருகில் வந்தது. ரகசியம் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தக் கூரையின் கீழேயே கிடந்தது. தன் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோக அந்தக் கம்பெனி பட்ட பாடு பெரும்பாடு. ஒரு தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசை முழுவதையும் நிறுத்தலாம் என்பது டொயோட்டா முறை. கயிறு வாங்குவதில் சிரமம் இருந்திருக்காது. இழுத்தவனைத் திட்டாத மேலாளர் வேண்டுமே.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், அந்தக் கோவைக் கம்பெனிக்கு ஒரு திருமண அழைப்பிதழ் கொடுக்கப் போயிருந்தேன். முதலாளியின் மகன் நடத்துகிறார். கணினியில் ஓடும் புது மெஷின்கள், கண்ணாடி போட்ட அறை, சுவரில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ்கள். அந்தப் பழைய கிரைண்டிங் மெஷின் இன்னும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. மெஷினில் நின்ற பையனிடம் காலையில் முதல் வேலை எப்படி வருகிறது என்று கேட்டேன்.

"மொத நாலஞ்சு பீஸ் ரிஜெக்ட் ஆகுமுங் சார். அது அப்படித்தானுங்."

லாக்கர் வரிசை அதே இடத்தில் இருந்தது. அண்ணனுடையது மூன்றாவது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன், திறந்துவிட்டார்கள். கதவின் உள்பக்கத்துக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது.